அம்மாவுக்கு மறதி நோய்: எட்டுப் பேர் இருக்கும் வீடா, பெரிய இல்லமா?

தாராபுரத்தான்

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 76 வயது. அப்பா போன பிறகு தோட்டத்துச் சாளையில் தனியாகத்தான் இருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு முறை கூலி கொடுப்பது என்று ஆரம்பித்து, இப்போது திருப்பூரில் எங்களோடு இருக்கிறார். அல்சைமர் என்று நரம்பு டாக்டர் சொல்லி மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் பெரிய தொந்தரவில்லை. பொழுது சாய்ந்தால்தான் வினை. "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், ஊட்டுக்குப் போறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாட்டை விற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போன மாசம் பல்லடம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் நின்றிருக்கிறார். ஒரு டீக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்து எனக்கு போன் போட்டார். ஜாக்கெட்டின் உள்பக்கம் என் நம்பரை எழுதித் தைத்து வைத்திருந்தோம், அதுதான் காப்பாற்றியது.

நான் பனியன் கம்பெனி, வீட்டுக்காரி பள்ளிக்கூடம். ஹோம் நர்ஸ் வைத்தும் பார்த்தாச்சு. ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. அடுத்து வந்தவர் போனைத்தான் பார்த்துக்கொண்டார், அம்மாவை இல்லை.

இப்போது இரண்டு இடம் கையில் இருக்கிறது. ஒன்று கோவைப் பக்கம் பெரிய இல்லம். லிஃப்ட், பிசியோதெரபி, ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு, அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். இன்னொன்று பெருந்துறைப் பக்கம், வாடகை வீட்டில் எட்டே பேர், எல்லோரும் மறதிக்காரர்கள். பணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அக்கா நாமக்கல்லில் இருக்கிறார், "ஒறம்பரைக்கு என்ன பதில் சொல்றது" என்று சொந்தக்காரர்களை நினைத்துக் கேட்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். சின்ன இடம் நல்லதா? போய் என்னவென்று கேட்பது?

மட்டுறுத்துநர்

ஒரு வார்த்தை. எந்த இல்லத்தின் பெயரும் போன் நம்பரும் இந்த இழையில் வேண்டாம். பாராட்டானாலும் சரி, புகாரானாலும் சரி.

முட்டை லோடு

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நாலு மாட்டைக் கட்டி உங்களைப் படிக்க வைத்த அம்மா. எட்டுப் பேரோ எண்பது பேரோ, அது அடுத்தவன் வீடு. எங்கள் அப்பாரு கடைசி ஆறு வருஷம் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்தார், வீட்டுத் திண்ணையிலேயே வைத்துப் பார்த்தோம். கேட்டுக்கு ஒரு பூட்டு, ராத்திரிக்கு ஒரு ஆள், அவ்வளவுதானே? வீட்டுக்காரி வேலையை விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் விடுங்கள்.

பொள்ளாச்சி மருமகள்

முட்டை அண்ணா, அந்த ஆறு வருஷமும் உங்கள் அப்பாருக்குப் பீத்துணி அலசியது யார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

ஓய்வு சிஸ்டர், ஈரோடு

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, இடம் பார்க்கும் முன்பு ஒன்று கேட்கிறேன். வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம் எல்லாம் பார்த்தார்களா? தலை ஸ்கேன் எடுத்தார்களா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும், அதுவும் மறதியாகத்தான் தெரியும். எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெல்ல மெல்ல ரத்தம் கட்டியிருந்தாலும் இதே கதைதான். இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. இன்னொன்று, இரண்டு மூன்று நாளில் குழப்பம் திடீரென்று கூடினால் "வியாதி முத்திப்போச்சு" என்று விட்டுவிடக் கூடாது. ஒன்றுக்குப் போகும் பாதையில் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, புதிதாகச் சேர்ந்த மாத்திரை, இதில் ஏதாவது இருக்கும். இதைக் கண்டுபிடிக்கிற ஆள் இல்லத்தில் இருக்கிறாரா என்பதுதான் என் முதல் கேள்வி.

இடம் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். குளித்து, பொட்டு வைத்து, வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் பொழுதோட, அந்தி சாயும் நேரத்தில் போங்கள். மறதிக்காரர்களுக்கு வெளிச்சம் மங்குகிற நேரத்தில்தான் பதற்றம் கூடும், உங்கள் அம்மாவே அத்தாட்சி. பகல் ஷிப்ட் கிளம்பி ராத்திரி ஷிப்ட் வருவதும் அப்போதுதான். அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள். எட்டுப் பேரா அறுபது பேரா என்பதற்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

எடை நோட்டைக் கேளுங்கள். மாசாமாசம் எடை போட்டு எழுதுகிற இடத்தில் சாப்பாட்டைக் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த நோயில் சாப்பிட்டதை மறப்பார்கள், சாப்பிடவும் மறப்பார்கள், பிறகு விழுங்கவே சிரமப்படுவார்கள். படுக்கவைத்து ஊட்டினால் புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும்.

அப்புறம் தூக்கத்துக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பெயரோடு கேளுங்கள். "அமைதியா இருக்க ஒரு மாத்திரை" என்று சொன்னால் விடாதீர்கள். மனநோய்க்குக் கொடுக்கிற சில மாத்திரைகளை மறதி உள்ள வயதானவர்களுக்குக் கொடுத்தால் உயிரிழப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரிக்கை போட வைத்தது. கொடுக்கவே கூடாது என்பதில்லை. டாக்டர் பார்த்து, கொஞ்ச நாளைக்கு, காரணத்தோடு கொடுப்பது வேறு. ஆள் பற்றாக்குறைக்குக் கொடுப்பது வேறு.

பொள்ளாச்சி மருமகள்

சிஸ்டர் சொன்னது அத்தனையும் நிஜம். என் அத்தையை, அதாவது மாமியாரை, முதலில் பெரிய இடத்தில்தான் விட்டோம். கெட்ட இடம் என்று சொல்ல மாட்டேன். சுத்தமாக இருந்தது, டாக்டர் வாரம் தவறாமல் வந்தார். ஆனால் அங்கே எல்லாமே மணிக்கணக்கு. விடியற்காலை ஐந்து மணிக்குக் குளியல், அதுவும் ஷவர். அத்தை பிறந்ததிலிருந்து பொடக்காணியில், வீட்டுக் குளியலிடத்தில், வெந்நீர் அண்டாவுக்குப் பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்து குளித்தவர். தலைக்கு மேலிருந்து தண்ணீர் கொட்டினால் அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அலறுவார். "உங்க மாமியார் முரடு, கடிக்கறாங்க" என்று எங்களுக்கு போன் வரும். கடைசியில் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றார்கள்.

இரண்டாவது இடத்தில் ஏழு பேர். அங்கே ஒரு அக்கா இருந்தார், படிப்பெல்லாம் பெரிதாக இல்லை. முதல் நாளே என்னை உட்காரவைத்து, வீட்டில் எப்படிக் குளிப்பார், காபியா கூழா, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், யார் பேரைச் சொன்னால் முகம் மலரும் என்று கேட்டுக்கொண்டார். வாளியில் வெந்நீர் விளாவி வைத்து, சொம்பை அத்தை கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். அத்தை முதலில் விரலை விட்டுச் சூடு பார்ப்பார். பிறகு பாதத்தில் ஒரு சொம்பு, முழங்காலில் ஒரு சொம்பு, அப்படியே மேலே வருவார். முதுகுக்கு மட்டும் அந்த அக்கா. இருபது நிமிஷம் பிடிக்கும், சத்தமே இருக்காது. அறுபது பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தருக்கு இருபது நிமிஷம் யார் கொடுப்பார்கள்? கணக்கு அங்கேதான் உதைக்கிறது.

மத்தியானம் தென்னை ஓலையைப் போட்டு ஈக்குக் கிழிக்கக் கொடுப்பார்கள். மகன் பேர் மறந்த கை அது, ஓலையை மட்டும் மறக்கவில்லை. அந்த வீட்டுக்குத் தேவைக்கு மேல் சீமாறு சேர்ந்துபோய், போகிற எங்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தனுப்பினார்கள்.

ஒறம்பரை பற்றி: பேசத்தான் செய்தார்கள். சீர், நோம்பி என்று போன இடத்திலெல்லாம் கேட்டார்கள். பேசியவர்களில் ஒருவரிடம் "அப்போ நீங்க ஒரு வாரம் கூட்டிட்டுப் போய் வெச்சுக்கோங்க, நாங்க பழனி போய்ட்டு வந்தர்றோம்" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

தாராபுரத்தான்

அக்கா, சிஸ்டர், ரொம்ப நன்றிங்க. பி12 குறைவாக இருந்தது, ஊசி போட்டாச்சு. கொஞ்சம் தெளிவு வந்தது, ஆனால் முழுதாக இல்லை. ஸ்கேனும் எடுத்தாச்சு. பொழுதோட போகச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வாரம் இரண்டு இடத்துக்கும் போய்விட்டு எழுதுகிறேன்.

இல்லம் நடத்துறவள்

அவிநாசிக்கு வடக்கே ஒன்பது பேரை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விளம்பரம் இல்லை, என்னிடம் இடமும் இல்லை. சின்ன இடம் என்றாலே நல்ல இடம் என்று இந்த இழை போவதால் எழுதுகிறேன்.

சின்ன இடத்தில் எது நன்றாக இருக்குமோ அதுவேதான் ஆபத்தும். என்னிடம் பகலில் மூன்று பேர், சமையலுக்குத் தனி ஆள், ராத்திரிக்கு இரண்டு பேர். ராத்திரி இரண்டு பேரில் ஒருவர் கண் விழித்தே இருக்க வேண்டும், முறை மாற்றிக்கொள்வார்கள். பண்ணாரி கோயில் குண்டம் திருவிழாவுக்கு ஒருவர், சொந்தத்தில் சாவு என்று ஒருவர் ஒரே நாளில் லீவு போட்டால் நானும் என் வீட்டுக்காரரும்தான் டயபர் மாற்றுகிறோம். பெரிய இடத்தில் இன்னொரு மாடியிலிருந்து ஆளைக் கூப்பிடலாம். எனக்கு மாடியே இல்லை.

அதனால் சின்ன இல்லத்துக்குப் போனால் முதலாளியிடம் நேராகக் கேளுங்கள்: "உங்களுக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் அன்றைக்கு யார் பார்ப்பார்கள்?" இதற்குச் சட்டென்று ஒரு பேர் வர வேண்டும். வீடு வாடகையா, ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று கேளுங்கள். மறதி நோயாளிகள் என்று தெரிந்ததும் வீட்டைக் காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரர்கள் உண்டு. எட்டுப் பேரையும் ஒரே வாரத்தில் பெட்டி கட்ட வைத்தால் அவர்கள் நிலைமை என்ன ஆகும்?

அடுத்து, யார் யாரோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள். நடமாடுகிற மறதிக்காரர்களையும் படுத்த படுக்கையாய் இருப்பவர்களையும் ஒரே அறையில் போட்டால் இரண்டு பேருக்கும் கஷ்டம். ஒருவர் ராத்திரி எழுந்து அடுத்தவருடைய யூரின் டியூபைப் பிடித்து இழுப்பார்.

எந்த நிலை வந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பதைச் சேர்க்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பொள்ளாச்சி அக்காவுக்கு நடந்தது பல பேருக்கு நடக்கிறது. நான் ஒரே ஒரு முறை அனுப்பியிருக்கிறேன், அதுவும் அந்தப் பெரியவர் ராத்திரியில் மற்றவர்கள் படுக்கைக்கே போய் அடிக்க ஆரம்பித்த பிறகு. அதையும் டாக்டரிடம் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ராத்திரி ஒரு மணிக்கு மூச்சு வாங்கினால் எந்த ஆஸ்பத்திரி, கூட யார் போவார்கள், குடும்பத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதும் பேசி முடித்திருக்க வேண்டும்.

ஒரு மனக்குறையும் சொல்லிவிடுகிறேன். சேர்க்கிற அன்றைக்கு நாலு காரில் வருகிறார்கள். ஆறு மாசம் கழித்து கூகுள் பேயில் பணம் மட்டும்தான் வருகிறது. குடும்பம் வந்துபோகிற ஆளை வேலைக்காரர்கள் ஒரு பிடி கூடுதலாகத்தான் கவனிப்பார்கள். நான் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் அப்படித்தான்.

முட்டை லோடு

இந்த அம்மணி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மாசம் எவ்வளவு ஆகும் என்று யாருமே சொல்லவில்லையே. பணம் இருக்கிறவனுக்குத்தானே இந்தப் பேச்செல்லாம்.

இல்லம் நடத்துறவள்

அண்ணா, கேட்டது நியாயம்தான். இதில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போகிறது. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வித்தியாசம் இருப்பதால் தொகையை இங்கே போடவில்லை. ஆனால் சொல்கிற தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். டயபர், மருந்து, டாக்டர் வந்துபோகிற செலவு, ஆஸ்பத்திரியில் கூட இருக்கிற ஆளுக்கு நாள்கூலி, இவை பெரும்பாலும் தனி. அவை சேர்ந்தால் சொன்ன தொகையில் பாதி அளவுக்குக் கூட ஏறலாம். 70 வயது தாண்டியவர்களுக்கு மத்திய அரசின் 5 லட்ச ரூபாய்க் காப்பீடு 2024 அக்டோபரில் இருந்து இருக்கிறது. அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். இல்லத்துக்குச் செல்லாது.

நகோயா கவுண்டன்

ஜப்பானில் இருக்கிறேன், சொந்த ஊர் காங்கேயம். இங்கே இந்தச் சின்ன வீடு முறை சட்டமாகவே இருக்கிறது. 2000-ல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிலிருந்து எல்லோரும் மாசாமாசம் கட்டணும், நானும் கட்டுகிறேன். மறதி நோயாளிகளுக்கான "குரூப் ஹோம்" அதில் வருகிறது. ஒரு அலகில், அதாவது ஒன்றாக வாழும் ஒரு குழுவில், ஐந்து முதல் ஒன்பது பேர்தான், பத்தாவது ஆள் கிடையாது. பகலில் மூன்று பேருக்கு ஒரு பணியாளர் கணக்கு, ராத்திரி அலகுக்கு ஒருவர் என்பது பொது விதி. அரிசி கழுவுவது, துணி மடிப்பது எல்லாம் அவர்களையே செய்யவிடுகிறார்கள். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது, சாயங்காலம் பாட்டிமார் பணியாளரோடு காய் வாங்கக் கடைக்கு வருவார்கள்.

நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் 2009-ல் ஹோகவேய் என்று ஒரு கிராமமே கட்டினார்கள். அங்கேயும் ஒரு வீட்டுக்கு ஆறு ஏழு பேர்தான். கடை, தெரு எல்லாம் உள்ளேயே இருப்பதால் கிளம்பி நடந்தாலும் தொலைந்துபோக மாட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம் பற்றிப் பேசுகிறது. அதில் சொல்லியிருப்பது ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்குகிற அளவு! பசிக்கும் தலைக்கு மேல் கூரைக்கும் அது சரி. மறதி நோய் என்று ஒன்று இருப்பதை நினைத்து எழுதின மாதிரித் தெரியவில்லை. 2023-ல் வெளிவந்த ஆய்வில், இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

முட்டை லோடு

ஜப்பான் கதையெல்லாம் சரி தம்பி. நம்மூரில் பத்தாவது ஆள் முன்பணத்தோடு வந்து நின்றால் வேண்டாம் என்பார்களா?

கோபி நோட்டரி குமாஸ்தா

சட்டம் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். தாராபுரத்தாரே, அக்கா தயங்குவது ஒறம்பரைக்காக மட்டும்தானா, தோட்டத்துக்காகவுமா? கோபப்படாதீங்க. எங்கள் மேஜைக்கு வருகிற பாதி வழக்கு இதில்தான் ஆரம்பிக்கிறது.

அம்மா பேரில் நிலம் இருந்தால் இப்போது எந்தப் பத்திரமும் எழுதி வாங்காதீர்கள். புத்தி சுவாதீனம் இல்லாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது. பவர் பத்திரம் முன்பே வாங்கி வைத்திருந்தாலும், எழுதிக்கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனால் ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி அதுவும் தீர்ந்துபோகும். "பவர் இருக்குது, நான் பாத்துக்கறேன்" என்று பல பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பெரிய அளவில் சொத்தை விற்றுத்தான் செலவு பார்க்க வேண்டும் என்றால் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் ஆணை வாங்க வேண்டும். கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியைக் காப்பாளராக 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் நியமித்தது. அந்த வழி இருக்கிறது, நாளாகும்.

நோய் ஆரம்பத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், டாக்டர் சான்று வாங்கிக்கொண்டு உயிலையும் வங்கிக் கூட்டுக் கணக்கையும் இப்போதே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் கதவு சாத்திவிடும்.

2007 சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம். பெற்றோரைப் பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம், வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். அநாதையாக எங்காவது விட்டுவிட்டுப் போனால் 24-ஆம் பிரிவு, மூன்று மாசம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் கூட உண்டு. நல்ல இல்லத்தில் சேர்த்துப் பணம் கட்டி வந்துபோய்க்கொண்டிருப்பது அதில் வராது, பயப்பட வேண்டாம்.

இல்லத்தின் பதிவையும் பாருங்கள். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா என்பது ஒன்று. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் "மனநோய்" என்பதற்கான விளக்கத்தில் நினைவாற்றல் கோளாறும் அடங்கும். அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதே சட்டத்தில் 97-ஆம் பிரிவு கட்டிப்போடுவது பற்றிச் சொல்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், அதுவும் மனநல மருத்துவர் ஒப்புதலோடு. "கீழே விழுந்தர்றாங்க, அதான் சேலையில் கட்டிவெச்சோம்" என்பது காரணமாகாது.

சேர்க்கை படிவத்தில் நீங்களும் அக்காவும் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் பேச்சுக்கு இடமிருக்காது.

உடுமலை பஸ்

97-ஆம் பிரிவு பற்றி இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பெரியம்மாவை ஒரு இடத்தில் நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார்கள். கேட்டதற்கு "எல்லா இடத்திலயும் இப்படித்தானுங்க" என்றார்கள். அங்கிருந்து கூட்டிவந்துவிட்டோம். இப்படிப் பார்த்தால் புகார் எங்கே சொல்வது?

கோபி நோட்டரி குமாஸ்தா

முதியோர் உதவி எண் 14567, காசில்லாத அழைப்புதான். சமூகநல அலுவலருக்கு எழுத்துப்பூர்வமாகவும் கொடுங்கள். போட்டோ எடுத்தால் மற்றவர்கள் முகம் விழாமல் எடுங்கள்.

தாராபுரத்தான்

போய்விட்டு வந்தேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பெரிய இடத்தில் பொழுதோட வரலாமா என்று கேட்டதற்கு, பார்வை நேரம் ஐந்து மணியோடு சரி என்றார்கள். மூத்தவர்கள் "டிஸ்டர்ப்" ஆவார்களாம். பகலில் பார்த்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிசியோதெரபி அறை அருமையாக இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் எனக்கு அங்கே ஒரு சபலம் இருக்கத்தான் செய்தது.

பெருந்துறைப் பக்கம் போனபோது பொழுது இறங்க இன்னும் நேரம் இருந்தது, ஆனால் எல்லா லைட்டும் அப்போதே எரிந்தன. கேட்டதற்கு, இருட்டு வந்த பிறகு போட்டால் அதற்குள் கலவரம் ஆரம்பித்துவிடும் என்றார் அந்த அம்மா. ஒரு பெரியவர் மஞ்சப்பையில் எதையோ திணித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார், மண்டிக்குப் போகணுமாம், மஞ்சள் ஏலமாம். யாரும் "மண்டி இல்லை, உட்காருங்க" என்று சொல்லவில்லை. ஒரு பையன் செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்கப்பா, இன்னைக்கு விரலி மஞ்சள் என்ன விலைக்குப் போகுமுங்க?" என்று கேட்டபடியே கூட நடந்தான். காம்பவுண்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு விலை பேசிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். டீ வந்தது. பையை மட்டும் அவர் கீழே வைக்கவில்லை, யாரும் பிடுங்கவும் இல்லை.

ராத்திரி ஆட்கள் இரண்டு பேர், ஒருவர் உள்ளூர் அம்மா, இன்னொருவர் ஒடிசாவிலிருந்து வந்த பெண். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறைதான், அது எனக்கு உறுத்தியது. வயிற்றுவலி என்று அம்மா சொன்னால் புரியுமா? இருவரும் எப்போதும் சேர்ந்தே ஷிப்டில் இருப்பார்கள் என்கிறார்கள். எடை நோட்டு இருந்தது. இரண்டு பேருக்கு எடை இறங்கியிருந்தது, என்ன செய்தார்கள் என்றும் எழுதியிருந்தது. பதிவு: சமூகநலத்துறைச் சான்று மாட்டியிருக்கிறது, மனநல ஆணையத்துக்கு விண்ணப்பித்த நகலைக் காட்டினார்கள்.

குறை: பொடக்காணிக்கு இறங்க இரண்டு படி, கைப்பிடி இல்லை. கக்கூஸ் தரை பளபளவென்று டைல்ஸ். முதலாளி அம்மாவிடம் காய்ச்சல் கேள்வியைக் கேட்டேன். சிரித்துவிட்டுத் தங்கச்சி பேரைச் சொன்னார், தங்கச்சியும் அங்கேயே காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா வழிநெடுகப் பேசவே இல்லை. பெருந்துறை தாண்டின பிறகு, "அந்த விரலிப் பையன் என்ன சம்பளம் வாங்குவான்?" என்று கேட்டார். கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். தோட்டம் பற்றியும் பேசினோம், அதை இங்கே எழுதவில்லை.

ஓய்வு சிஸ்டர், ஈரோடு

கைப்பிடி போட்டுத் தருகிறீர்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே ஆள் வைத்துப் போட்டுக்கொடுங்கள், பெரிய செலவில்லை. தரைக்கு ரப்பர் பாய் விரித்தால் போதும், ஆனால் கறுப்பு நிறம் வேண்டாம். பார்வையும் மூளையும் குழம்பினவர்களுக்குக் கறுப்புப் பாய் குழி மாதிரித் தெரியும், தாண்டப் போய் விழுவார்கள். கக்கூஸ் கதவு மற்ற கதவுகளிலிருந்து வேறு நிறத்தில் இருந்தால் ராத்திரி தேடாமல் போவார்கள். முழங்காலுக்கு வாரம் இரண்டு முறை பிசியோதெரபிஸ்ட்டை அங்கேயே வரச் சொல்லலாம். ஒடிசாப் பெண் பற்றிக் கவலைப்படுவது சரிதான். அம்மாவுக்கு வலி வந்தால் என்ன செய்வார், புருவம் சுருக்குவாரா, வயிற்றைப் பிடிப்பாரா, சாப்பாட்டைத் தள்ளுவாரா என்று எழுதி உள்ளூர் அம்மாவிடம் கொடுங்கள். அவர் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

முட்டை லோடு

அந்த விரலிப் பையன் மாதிரி ஒருத்தன் கிடைத்திருந்தால் எங்கள் வீட்டிலேயே சமாளித்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன். சரி, போய்ச் சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போங்கள்.

தாராபுரத்தான்

ஞாயிறு எங்கள் முறை, புதன்கிழமை அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆடி மாசம் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்கிறார். அதில் நான் வாதாடவில்லை. அதுவரைக்கும் பொழுதோட மட்டும் ஒரு ஆள் வைத்துச் சமாளிக்கிறோம்.

இல்லம் நடத்துறவள்

ஆவணிக்கு எல்லாக் குடும்பமும்தான் காத்திருக்கும், இடம் போய்விடும். இப்போதே முன்பணம் கட்டிப் பிடித்து வையுங்கள். ரசீது வாங்குங்கள், சேராமல் போனால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் அந்த ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆடி முடிகிற வரை வாரம் ஒரு முறை பகலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே சாப்பிடவைத்துக் கூட்டிவாருங்கள். சேர்க்கிற அன்றைக்கு இடம் புதிதாக இருக்காது. அவர் படுத்த கட்டில் மெத்தையையும், குடிக்கிற டம்ளரையும் எடுத்துப் போங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.